ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது?

அந்தமான் நிக்கோபாரில் ஒரு காகிதம் ஊர் மாற வேண்டுமென்றால் கடலைத் தாண்ட வேண்டும். கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேருக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல். கப்பலில் வந்தால் மூன்று நாள், வானிலை கெட்டால் அதற்கும் மேல். அப்பா ஒரு தீவில் வேலை, மகள் மெயின்லேண்டில் கல்லூரி, தாத்தா பாட்டி தமிழ்நாட்டுச் சொந்த ஊரில் என்று பிரிந்து வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அதில் சுமார் 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கப்பல் டிக்கெட்டுக்குக் காட்ட வேண்டிய ஐலேண்டர் கார்டு, நிலப் பத்திரம் என்று ஏதாவது ஒன்றின் நகல் எப்போதும் யாராவது ஒருவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்தத் தேவைக்குப் பொருத்தமான வழி மேகச் சேமிப்பு. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், ஐகிளவுட் எல்லாம் அந்த வகைதான். நம் ஃபைலை அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் வைக்கிறோம், எந்த ஊரிலிருந்தும் நம் கணக்கில் நுழைந்து அதைத் திறக்கிறோம், வேண்டியவர்களுக்கும் திறந்துவிடுகிறோம். தீவுகளில் பல ஆண்டுகள் இது பேச்சளவிலேயே இருந்தது. அப்போது இணையம் செயற்கைக்கோள் வழியாக வந்தது. தீவுகள் எல்லாமும் பங்கிட்டுக்கொண்ட மொத்தத் திறனே சில ஜிபிபிஎஸ்தான். செயற்கைக்கோள் நிற்பது பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில். ஒரு சிக்னல் மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய கால் நொடி. அதற்குப் பதில் திரும்பி வர இன்னொரு கால் நொடி. ஒரு ஃபைலை ஏற்றும்போது இரண்டு முனைகளும் ஓயாமல் கேட்டும் பதில் சொல்லியும் கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் அரை நொடி போனால் வேலை எங்கே நடக்கும்?

2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டி, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் இந்த நிலையை மாற்றியது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய 1,224 கோடி ரூபாய் செலவு. வேலையைச் செய்தது பிஎஸ்என்எல். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாறிய ஹேவ்லாக், லாங் ஐலேண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களுக்கும் கேபிள் போகிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே அறிவிக்கப்பட்ட திறன் 200 ஜிபிபிஎஸ் வீதம் இரண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்பதால், சென்னைக் கரையை எட்ட நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை.

எட்டு இடங்களில் கேபிள் கரையேறியது என்பதற்காக எல்லா வீட்டுக்கும் வேகம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரப்பர்த் தோட்ட வேலைக்காக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய கச்சால் அந்தப் பட்டியலில் இல்லை. கேபிள் கரையேறிய தீவிலும், கடைசி சில கிலோமீட்டரைக் கடப்பது டவர், ஃபைபர் இணைப்பு, கரண்ட் ஆகியவற்றைப் பொறுத்தது. அந்தச் சிக்கலைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான். நெட் நன்றாக இருக்கும்போதும் ஃபைல்கள் காணாமல் போகின்றன. "நேற்று வரை இருந்தது, இன்று திறக்கவில்லை" என்று புலம்பாத சங்கமோ பள்ளியோ குடும்பமோ குறைவு. பெரும்பாலான நேரங்களில் காரணம் ஒன்றுதான்: அந்த ஃபைல் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதைத் தொடக்கத்தில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் அனுப்புவதற்கும் பகிர்வதற்கும் உள்ள வேறுபாடு. வாட்ஸ்அப்பில் ஒரு சான்றிதழை அனுப்பினால் வாங்குபவரின் போனில் ஒரு புதுப் பிரதி உண்டாகிறது. பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்துப் பிரதிகள். நீங்கள் பிறகு ஒரு தவறைத் திருத்தினாலும் அந்தப் பத்தும் பழையபடியே இருக்கும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். முத்திரையும் கையெழுத்தும் மங்கி, அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்கிறார்கள். டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது. டிரைவில் பகிரும்போது நடப்பது வேறு. ஃபைல் ஒன்றுதான், அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. மற்றவர்களுக்குக் கிடைப்பது அதைப் பார்க்கவோ திருத்தவோ அனுமதி. நீங்கள் திருத்தினால் எல்லோருக்கும் திருந்தும். அழித்தால் எல்லோருக்கும் அழியும்.

ஒரு வீட்டில் எத்தனை பேர் குடியிருந்தாலும் பட்டா ஒருவர் பெயரில் இருப்பதைப் போல, டிரைவில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. மற்றவர்கள் மூன்று வகை: பார்க்க மட்டும் முடிந்தவர், குறிப்பு எழுத முடிந்தவர், திருத்த முடிந்தவர். உரிமையாளர் ஃபைலைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பினால் முப்பது நாளில் அது தானே அழிந்துவிடும். அவருடைய கணக்கே போய்விட்டால், அதில் இருந்து பகிர்ந்த எல்லாமும் போய்விடும்.

பலருக்குத் தெரியாத நுட்பம் ஒன்று இங்கே இருக்கிறது. ரங்கத்தில் ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் வினாத்தாள்களுக்காக ஒரு பொது ஃபோல்டர் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோல்டரைத் தொடங்கியவர் கணித ஆசிரியர். தமிழாசிரியர் அதற்குள் தன் வினாத்தாளைப் போடுகிறார். ஃபோல்டர் கணித ஆசிரியருடையது. ஆனால் அந்த வினாத்தாள் தமிழாசிரியருடையது. அது பிடிக்கும் இடமும் தமிழாசிரியரின் கணக்கிலிருந்துதான் கழியும். அவர் மாற்றலாகி டிக்லிபூர் போகிறார், புது மின்னஞ்சல் தொடங்குகிறார், பழைய கணக்கை மூடிவிடுகிறார். மறுநாள் ஃபோல்டர் அப்படியே இருக்கும், உள்ளே அவருடைய வினாத்தாள்கள் மட்டும் இருக்காது. யாரும் எதையும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒழுங்காகத் தன் கணக்கை மூடிவிட்டுப் போனவரால்தான் இந்த இழப்பு.

தீவுகளில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. அரசு வேலைதான் இங்கே பெரிய வேலை. மாற்றல் என்றால் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு. சங்கங்களில் நிர்வாகிகள் மாறுகிறார்கள். மீனவர் கூட்டுறவுக்கும் கோயில் கமிட்டிக்கும் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இளைஞர் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விடுகிறார். ஆகவே ஒரு அமைப்புக்காக ஃபோல்டர் தொடங்கும்போது தனி நபரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். அமைப்பின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் கணக்கு வைத்து, அதன் கடவுச்சொல்லைத் தலைவர், செயலாளர் என இருவரிடமாவது ஒப்படையுங்கள். முக்கியமான ஃபைல்களை அந்தக் கணக்கிலிருந்தே ஏற்றுங்கள். வெளியேறுபவர் கணக்கில் ஏற்கெனவே இருப்பவற்றை உரிமை மாற்றித் தரச் சொல்லலாம். டிரைவில் அந்த வசதி உண்டு. பெறுபவர் ஏற்றுக்கொண்டால்தான் மாற்றம் நிறைவேறும். பிரிவுபசார விழாவுக்கு முன்பே இதைக் கேட்டு முடித்துவிட வேண்டும். போன பிறகு கேட்டு வாங்குவது கஷ்டம். கூகுளின் நிறுவனங்களுக்கான சேவையில் சேர்ந்த பள்ளிகளுக்கும் அமைப்புகளுக்கும் பகிர்ந்த டிரைவ் என்று ஒன்று கிடைக்கும். அதில் போடும் ஃபைல் எல்லாம் நிறுவனத்தின் சொத்து, ஆள் போனாலும் ஃபைல் போகாது.

யாரும் மூடாமலேயே கணக்கு மூடிப்போகலாம். கூகுள் 2023-இல் அறிவித்த கொள்கைப்படி, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாத தனிநபர் கணக்கை அதன் உள்ளடக்கத்தோடு நீக்கிவிடலாம். அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. "பத்திரமாக இருக்கட்டும்" என்று சான்றிதழ்களை எல்லாம் ஏற்றிவைத்துவிட்டு மறந்துபோகும் கணக்குகள்தான் இதில் சிக்கும். வருடத்துக்கு ஒருமுறை, பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் மாதத்திலாவது, உள்ளே போய் ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள்.

இடம் நிரம்புவதும் ஒரு சிக்கல். கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஒன்டிரைவிலும் ஐகிளவுடிலும் 5, டிராப்பாக்ஸில் 2. கூகுளின் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றும் போட்டோக்களும் அந்தக் கணக்கில்தான் சேரும். குழந்தையின் பிறந்தநாள் வீடியோக்களால் இடம் நிரம்பி, சங்கத்துக்கு வரும் முக்கியமான மின்னஞ்சல் திரும்பிப் போவது இப்படித்தான். சொந்தக் கணக்கையும் பொதுக் கணக்கையும் பிரித்து வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது லிங்க். பகிரும்போது டிரைவ் ஒரு கேள்வி கேட்கும்: குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டுமா, லிங்க் வைத்திருக்கும் எவருக்குமா? அவசரத்தில் எல்லோரும் இரண்டாவதைத் தட்டிவிடுகிறோம், ஏனென்றால் எதிர்முனையில் இருப்பவர் "திறக்கவில்லை" என்று சொல்லமாட்டார். ஆனால் அந்த லிங்க் எந்தக் குரூப்புக்குப் போனாலும் வேலை செய்யும். ஐந்து பேர் இருந்த குரூப்பில் போட்டது மாலைக்குள் ஐந்நூறு பேரிடம் போய்விடலாம். திருத்தும் அனுமதியோடு அப்படிப் போனால், முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பெயர்ப் பட்டியலை மாற்றிவிடவும் முடியும்.

ஹேவ்லாக்கின் டைவிங் கடைகளை எடுத்துக்கொள்வோம். கடலுக்குள் எடுத்த வீடியோவை வாடிக்கையாளரிடம் சேர்ப்பது அவர்கள் தொழிலின் ஒரு பகுதி. முன்பு மெமரி கார்டிலோ பென்டிரைவிலோ போட்டுக் கொடுத்தார்கள். இப்போது லிங்க் அனுப்புவது சுலபம். ஒரு நாளில் வந்த எல்லோருடைய வீடியோவையும் ஒரே ஃபோல்டரில் போட்டு ஒரே லிங்கை எல்லோருக்கும் அனுப்பினால், ஒரு குடும்பத்தின் நீச்சலுடைப் படங்கள் முன்பின் அறியாதவர்கள் கைக்குப் போகும். வாடிக்கையாளருக்கு ஒரு ஃபோல்டர், அவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும் பார்க்கும் அனுமதி, பதினைந்து நாளில் அழித்துவிடுவோம் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை. இது கூடுதல் வேலைதான், செய்தே ஆக வேண்டிய வேலை. இடமும் மிச்சமாகும்.

சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜாரவா உள்ளிட்ட தீவுப் பழங்குடியினரைப் படமோ வீடியோவோ எடுப்பது தண்டனைக்குரிய குற்றம். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிமுறையும் அதன் பின்னாள் திருத்தங்களும் இதைத் தடுக்கின்றன. யாரோ ஒரு பயணி எடுத்து உங்கள் பொது ஃபோல்டரில் ஏற்றினாலும் அதைப் பார்த்த உடனே நீக்கிவிடுங்கள். அந்த மக்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் படங்கள் ஓரிடத்திலும் இருக்கக் கூடாதவை.

ஆதார், பான், வங்கிப் புத்தகம் போன்றவற்றை லிங்க் வைத்திருக்கும் எவருக்கும் என்ற அமைப்பில் ஒருபோதும் வைக்காதீர்கள். குறிப்பிட்ட மின்னஞ்சலுக்கு மட்டும் கொடுங்கள், வேலை முடிந்ததும் அனுமதியை நீக்குங்கள். ஆதாரின் முதல் எட்டு எண்களை மறைத்த பிரதியை ஆதார் ஆணையமே தருகிறது. பல இடங்களுக்கு அது போதும். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் கணக்கைத் திறந்து பிரிண்ட் எடுப்பவர்கள், கடையை விட்டு எழும் முன் வெளியேறியாயிற்றா என்று பார்க்க வேண்டும். மறந்துவிட்டால் உங்கள் போனிலிருந்தே, எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து அந்தக் கம்ப்யூட்டரை வெளியேற்றலாம். பிரிண்டுக்குத் தேவையான ஒரே ஒரு ஃபைலைக் கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்புவது இதைவிட மேல்.

லிங்க் சரியாக அமைந்திருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. உங்கள் கணக்கு இல்லாத ஒரு போனில், அல்லது பிரௌசரின் மறைமுகச் சாளரத்தில், அந்த லிங்கைத் திறந்து பாருங்கள். திறந்தால் அது ஊருக்கே திறக்கும். அனுமதி கேட்டு நின்றால் சரி.

அரசு ஊழியர்களுக்கு விதியே வேறு. 2022 ஜூனில் தேசியத் தகவலியல் மையம் வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டுதல், அலுவலகத்தின் உள் ஆவணங்களைக் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற அரசு சாராத மேகச் சேவைகளில் ஏற்றக் கூடாது என்கிறது. அரசுக்கென்று மேகராஜ் என்ற மேகத் திட்டம் 2014 முதல் இருக்கிறது. அலுவலகக் கோப்பைச் சொந்த டிரைவில் போட்டு வீட்டில் வேலை பார்ப்பது சின்சியரான ஊழியர்கள் செய்வதுதான் என்றாலும், அந்தக் கோப்பு பொதுமக்களுடைய விவரம். அலுவலகம் தந்த வழியிலேயே அது போக வேண்டும்.

குடும்ப ஆவணங்களுக்கு டிரைவுக்கு முன் டிஜிலாக்கரைப் பாருங்கள். 2015-இல் தொடங்கிய அரசுச் சேவை. அதில் இரண்டு வகை ஆவணம் உண்டு, வித்தியாசத்தைப் புரிந்துகொள்வது முக்கியம். வழங்கும் அலுவலகமே நேரடியாகத் தந்த ஆவணம் ஒரு வகை. 2017-இல் திருத்திய விதிப்படி அது அசலுக்கு இணை. தீவுகளின் பள்ளிகள் சிபிஎஸ்இ வாரியத்தில் இருப்பதால், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களை இப்படிப் பெறலாம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியது மற்ற வகை. அது வெறும் நகல், டிஜிலாக்கரில் இருப்பதாலேயே அதற்கு அசலின் தகுதி வந்துவிடாது. மெயின்லேண்ட் கல்லூரி அலுவலகத்தில் நிற்கும் மாணவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் ஓர் அலைச்சல் மிச்சம்.

இனி, தள்ளிவைத்த அந்தக் கடைசிக் கிலோமீட்டர். டவுன்லோட் வேகத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். பகிர்பவருக்கு வேண்டியது அப்லோட் வேகம், அது பொதுவாக டவுன்லோட் வேகத்தைவிடக் குறைவு. கணக்குப் போட்டுப் பார்க்க ஒன்று தெரிந்தால் போதும்: வேகம் பிட்டில் சொல்லப்படுகிறது, ஃபைல் பைட்டில் அளக்கப்படுகிறது, எட்டு பிட் ஒரு பைட். ஆக ஃபைலின் எம்பியை எட்டால் பெருக்கி, எம்பிபிஎஸ் வேகத்தால் வகுத்தால் நொடிகள் வரும். பன்னிரண்டு பக்கப் பத்திரத்தைப் போன் கேமராவில் படமாக எடுத்தால் பக்கத்துக்கு 4 எம்பி வீதம் 48 எம்பி. ஒரு எம்பிபிஎஸ் அப்லோட் கிடைக்கும் இடத்தில் 384 நொடி, ஆறு நிமிடத்துக்கு மேல். அதையே டிரைவ் ஆப்பில் உள்ள ஸ்கேன் வசதியால் கறுப்பு வெள்ளை பிடிஎஃப் ஆக எடுத்தால் மொத்தம் 3 எம்பிக்குள் அடங்கும், 24 நொடியில் போய்விடும், எழுத்தும் தெளிவாக இருக்கும். வீடியோவில் இந்தக் கணக்கு கடுமை. 60 எம்பிபிஎஸ் தரத்தில் எடுத்த ஐந்து நிமிட 4கே வீடியோ சுமார் 2.25 ஜிபி, 5 எம்பிபிஎஸ் அப்லோடில் அதை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். பெரியவற்றை இரவில் ஏற்றுங்கள். கம்ப்யூட்டரில் டிரைவ் மென்பொருளை நிறுவிவிட்டால், இணைப்பு அறுந்து வந்தாலும் அது தானாகவே மறுபடி தொடரும். பிரௌசரை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

நெட் இல்லாத நேரத்துக்கும் ஏற்பாடு வேண்டும். கப்பலில் மூன்று நாள் இருக்கப்போகிறவர் தேவையான ஃபைல்களை ஆப்பில் ஆஃப்லைன் என்று குறித்துவிட்டுக் கிளம்பினால் நடுக்கடலிலும் திறக்கலாம். இருவர் ஒரே வேர்ட் ஃபைலைத் தனித்தனியாக டவுன்லோட் செய்து திருத்திவிட்டு, கரைக்கு வந்து ஏற்றினால் எது கடைசி வடிவம் என்று தெரியாமல் போகும். கூகுள் டாக்ஸில் வைத்துத் திருத்தினால் யார் எதை மாற்றினார் என்பதோடு பழைய வடிவங்களும் இருக்கும். பிடிஎஃப் போன்றவற்றுக்குப் புதிய வடிவத்தைத் தனி ஃபைலாகப் போடாமல், பழையதன் மேலேயே புதிய பதிப்பாக ஏற்றுங்கள். லிங்க் மாறாது, முந்தைய பதிப்பை முப்பது நாள் வரை எடுத்துப் பார்க்கலாம். ஃபைலுக்குப் பெயரில் தேதி வைக்கும்போது 2025-06-15 என்று ஆண்டிலிருந்து தொடங்கினால் பட்டியல் தானாகவே வரிசையாகும். "புதுசு", "கடைசி", "ரொம்பக் கடைசி" என்ற பெயர்கள் மூன்று மாதத்தில் வைத்தவருக்கே புரியாது.

மேகத்தில் இருப்பது பத்திரம் என்ற நம்பிக்கையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நிக்கோபார்த் தீவுகள் உயிர்களை இழந்தன, வீடுகளை இழந்தன. வீட்டோடு பெட்டியில் இருந்த சான்றிதழும் ரேஷன் கார்டும் போயின. உறவையும் உடைமையையும் இழந்தவர், தாம் யார் என்பதற்கும் சான்று தேட வேண்டியிருந்தது. தீவுகள் முழுதும் நில அதிர்வு ஆபத்து மிகுந்த பகுதி. இங்கே வாழ்பவர் தம் ஆவணங்களின் ஒரு பிரதியைக் கடலுக்கு அப்பால் வைத்திருப்பதைவிட முக்கியமான முன்னேற்பாடு குறைவு, அதற்கு மேகச் சேமிப்பைவிட எளிய வழி இல்லை.

அதே சமயம் அது ஒன்றே போதாது. 2022 ஜனவரி 15 அன்று டோங்கா தீவு நாட்டில் கடலடி எரிமலை வெடித்தபோது, வெளியுலகோடு இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது. சரிசெய்ய ஏறக்குறைய ஐந்து வாரம் ஆயிற்று. அத்தனை நாளும் அங்கிருந்தவர்களுக்கு மேகத்தில் இருந்த ஃபைல் இருந்தும் பெரும்பாலும் எட்டாத ஒன்றுதான். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் ஜி-டிரைவ் என்ற மேகச் சேமிப்பில் இருந்த 858 டெராபைட் தரவு எரிந்துபோனது. அளவு பெரிது என்பதால் வேறிடத்தில் பிரதி வைத்திருக்கவில்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் இருக்கும் நாட்டிலேயே இப்படி நடந்தது.

இதோடு இன்னொரு குழப்பமும் உண்டு. கம்ப்யூட்டரில் உள்ள ஃபோல்டரை டிரைவோடு ஒத்திசைத்து வைத்திருப்பவர்கள் தம்மிடம் இரண்டு பிரதிகள் இருப்பதாக நினைக்கிறார்கள். கம்ப்யூட்டரில் அழித்தால் மேகத்திலும் அழியும். வைரஸ் கெடுத்தால் கெட்டுப்போன வடிவமே மேலே ஏறும். அதனால் மூன்றாவதாக ஒன்று வேண்டும்: ஆண்டுக்கு இருமுறை முக்கிய ஆவணங்களை ஒரு ஹார்ட்டிஸ்கிலோ பென்டிரைவிலோ படியெடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியே வைப்பது. தீவின் ஈரக்காற்றும் உப்பும் மின்பொருள்களுக்கு ஆகாது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். முடிந்தால் அந்த டப்பா மேட்டுநிலத்தில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாகக் கணக்கின் சாவி. கடவுச்சொல்லோடு இரண்டாம் சரிபார்ப்பையும் போட்டுவைக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பலர் அதை எஸ்எம்எஸ் ஓடிபியாக மட்டும் வைத்திருக்கிறார்கள். சிக்னல் இல்லாத தீவில், அல்லது மெயின்லேண்ட் போய் சிம் மாற்றிய பிறகு, ஓடிபி வராமல் சொந்தக் கணக்குக்கு வெளியே நிற்க நேரும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் மாற்றுக் குறியீடுகள் பத்து கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒருமுறை பயன்படும். அவற்றைத் தாளில் எழுதி அசல் சான்றிதழ்களோடு வையுங்கள். குறியீடு உருவாக்கும் ஆப் ஒன்றையும் போட்டுக்கொள்ளலாம். அதற்கு நெட்டும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

கூகுள் கணக்கின் அமைப்புகளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஒரு பகுதி இருக்கிறது. கணக்கு மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை நீங்கள் குறிக்கும் காலத்துக்கு அசையாமல் இருந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எந்தெந்தத் தரவைத் தர வேண்டும் என்று அதில் எழுதிவைக்கலாம். குடும்பத்தின் பத்திரங்கள் எல்லாம் ஒருவர் கணக்கில் இருந்தால், அவருக்கு ஒன்று நேர்ந்த அன்று மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். மனைவியின் பெயரையோ மகளின் பெயரையோ இன்றைக்கே அதில் சேர்த்துவிடலாம், பத்து நிமிட வேலை.